லாரிக்கு இடதுபக்கம் போகக்கூடாது என்றால் எந்தப் பக்கம் போவது?

பேட்டைக்காரன் (புதன், இரவு 10.20)

நடுக்கம் நின்று மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. கோபம் மட்டும் நிற்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வல்லநாட்டில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டு மகளுடன் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மாலை ஆறரை இருக்கும். கேடிசி நகரில் நாகர்கோவில் பக்கம் திரும்புகிற இடத்தில் எனக்கு முன்னால் ஒரு டிரெய்லர், நாற்பதடி கண்டெய்னர். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வலப்பக்கமாக ஒதுங்கியது. சரி, நேராகப் பாளையங்கோட்டைக்குள் போகிறான், நமக்கு வழி விடுகிறான் என்று நினைத்தேன். இடதுபக்கம் ஓர் ஆட்டோ தாராளமாகப் போகிற இடம். நுழைந்தேன்.

அதன் பாதி நீளத்தைக் கடந்திருப்பேன். டிரெய்லரின் தலை இடதுபக்கம் திரும்பிவிட்டது. உடம்பு மெதுவாக, அவசரமே இல்லாமல், என்மேல் வந்துகொண்டிருந்தது. பெட்டிக்கும் சாலையோரக் கல்லுக்கும் நடுவில் இருந்த இடம் சுருங்கிச் சுருங்கி முழங்காலுக்கு வந்துவிட்டது. மகள் தகரத்தில் படபடவென்று அடித்தாள். வண்டியை மண்ணில் சாய்த்துவிட்டு இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம். மதினி கொடுத்துவிட்ட சோற்றுத் தூக்குவாளி மட்டும் சக்கரத்துக்குள் போய்த் தகடாகத் திரும்பி வந்தது.

ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தான். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அண்ணாச்சி, சத்தியமாகச் சொல்கிறேன், நீங்கள் என் கண்ணிலேயே படவில்லை" என்றான். அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இரண்டு ஆள் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துக்கு ஒரு முழம் கண்ணாடி வைத்திருக்கிறான். ஸ்கூட்டர் கண்ணில் படவில்லை என்றால் யாரை ஏமாற்றுகிறான்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறுக்குத்துறை (புதன், இரவு 10.41)

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். காலையில் நெல்லையப்பருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிடுங்கள். அந்தச் சாலையில் துறைமுக லாரிகளுக்குக் கண்ணே கிடையாது.

பழைய டாரஸ் (வியாழன், காலை 5.10)

பேட்டை அண்ணாச்சி, அந்தப் பையன் பொய் சொல்லவில்லை.

நான் முப்பத்தொரு வருடம் ஓட்டியவன். முதலில் ஆறு சக்கரம், பிறகு டாரஸ் என்கிற பத்துச் சக்கரம், கடைசி எட்டு வருடம் டிரெய்லர். தூத்துக்குடியிலிருந்து உப்பு, நிலக்கரி, உரம் என்று ஏற்றாத பொருள் கிடையாது. இப்போது கண்ணில் புரை, வீட்டில் இருக்கிறேன்.

லாரி எட்டரை அடி அகலம். ஓட்டுநர் வலது மூலையில் இருக்கிறான். இடதுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் அந்த அகலம் முழுவதையும் தாண்டி, அந்தப்பக்கக் கதவின் சட்டத்துக்கு மேலேதான் பார்க்க முடியும். என் கண் தரையிலிருந்து ஏறக்குறைய எட்டடி உயரத்தில் இருக்கும். உயரத்தில் இருப்பவனுக்குத் தூரம் தெரியும், காலடி தெரியாது. மாடியில் நின்று தெருக்கோடியைப் பார்க்கலாம். சுவரை ஒட்டி நிற்கிற பூனையைப் பார்க்க முடியுமா? இடது முன்சக்கரத்தை ஒட்டி நிற்கிற ஸ்கூட்டர் அந்தப் பூனைதான். பம்பருக்கு முன்னால் ஒட்டி நிற்பதும் பூனைதான். பின்பக்கம் ஒட்டி வருவது பூனைகூட இல்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, கண்ணாடிக்கு வருகிறேன். நேராகப் போகும்போது இடது கண்ணாடியில் வண்டியின் ஓரமும் கொஞ்சம் சாலையும் தெரியும். டிரெய்லரில் தலை மட்டும் இடதுபக்கம் மடங்கிவிட்டால் அதே கண்ணாடியில் பெட்டியின் தகரச் சுவர்தான் முழுவதும். வலது கண்ணாடியில் எதிர்ப்பக்கத்து டீக்கடை தெரியும். அந்த நேரத்தில் ஓட்டுநர் பாதிக் குருடன்.

இன்னொன்று, அவன் ஏன் வலப்பக்கம் ஒதுங்கினான்? வழி விட இல்லை. நம்மூர்ப் பழைய தெருமுனை வீடுகளில் சுவரோரமாக ஒரு கல் நட்டிருப்பார்களே, எதற்கு? மாடு ஒழுங்காகத் திரும்பிவிடும், பின்னால் வருகிற வண்டிச் சக்கரம் சுவரை உரசும். முன்னால் போனது போன தடத்தில் பின்னால் வருவது வராது, உள்பக்கமாகக் குறுக்கே வெட்டும். நாற்பதடிக்கு அந்த வெட்டு இன்னும் பெரிது. அதற்காகத்தான் முதலில் வலப்பக்கம் ஒதுங்கி இடம் எடுத்துக்கொண்டு பிறகு திருப்புகிறோம். நீங்கள் பார்த்த அந்த ஆட்டோ அகல இடம் அவனுடைய பின்சக்கரத்துக்காக அவன் எடுத்து வைத்த இடம்.

இதில் லாரிக்காரர்கள் பக்கம் ஒரு குற்றம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் கிளீனர் இல்லாமல் லாரி நகராது. திருப்பத்தில் இடது ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கதவைத் தட்டுவான். தட்டு நின்றால் வண்டி நிற்கும். லாரியின் இடது கண் அவன்தான். இன்று சம்பளம் மிச்சம் என்று பெரும்பாலான முதலாளிகள் கிளீனரை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பையனின் வண்டியில் கிளீனர் இருந்தானா? இருந்திருக்க மாட்டான்.

பேட்டைக்காரன் (வியாழன், காலை 8.02)

இருக்கவில்லை. தனியாகத்தான் வந்தான்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இடது இண்டிகேட்டர் எரிந்ததா என்று மகளிடம் கேட்டேன். எரிந்தது என்கிறாள். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் "நீ போ" என்று சொல்கிறான் என்றுதான் எடுத்திருப்பேன். நம் சாலைகளில் அப்படித்தானே வழக்கம்?

பழைய டாரஸ் (வியாழன், காலை 8.30)

அந்த வழக்கம் எத்தனை பேரைக் கொண்டுபோயிற்றோ தெரியவில்லை. பின்னால் வருகிறவனுக்கு "எதிரே வண்டி இல்லை, முந்திக்கொள்" என்று சொல்ல இடது விளக்கு. "வராதே" என்பதற்கு வலது விளக்கு. திரும்புவதற்கும் அதே விளக்குகள். ஒரு விளக்குக்கு இரண்டு அர்த்தம். நானும் வருடக்கணக்கில் அப்படிப் போட்டவன்தான். பிறகு மானாமதுரைப் பக்கம் ஒரு நாள், நான் "போ" என்று போட்ட விளக்கை நம்பி வந்த காரும் வயல் பாதையிலிருந்து ஏறிய டிராக்டரும் ஒரு சாண் இடைவெளியில் தப்பின. அன்றோடு விட்டேன். முந்தலாமா என்பதை முந்துகிறவனே கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். லாரிக்காரனின் விளக்கைக் கேட்டு முந்தாதீர்கள்.

வகுப்பறை 12பி (வியாழன், பிற்பகல் 1.15)

பாளையங்கோட்டையில் இயற்பியல் நடத்துகிறேன். மதிய இடைவேளை, இருபது நிமிடம் இருக்கிறது.

வருடா வருடம் ஒரு மாணவன் கேட்பான்: "சார், நிறுத்தும் தூரத்துக்கான சூத்திரத்தில் நிறை அடிபட்டுப் போய்விடுகிறதே. அப்படியென்றால் லாரியும் காரும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டுமே?" நல்ல கேள்வி. தாளில் அது சரி. சாலையில் மூன்று விஷயங்கள் குறுக்கே வருகின்றன. லாரி டயரின் ரப்பர் தேயாமல் உழைப்பதற்காகக் கடினமாகச் செய்யப்பட்டது. கார் டயர் அளவுக்குத் தரையைப் பிடிக்காது. காற்று பிரேக்கில் மிதியை அழுத்தியதும் குழாய் வழியே காற்று போய்ச் சேரக் கிட்டத்தட்ட அரை விநாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 8 மீட்டர் போய்விடும். மூன்றாவது வெப்பம். பத்துச் சக்கர லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 28.5 டன் (2018-ல்தான் 25-லிருந்து உயர்த்தினார்கள்). ஆட்களோடு ஒரு சிறிய கார் 1.2 டன் என்று வைத்தால், ஒரே வேகத்தில் லாரியின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 24 மடங்கு. அத்தனையும் பிரேக் டிரம்மில் சூடாக இறங்க வேண்டும். அதிக பாரம் ஏற்றியிருந்தால் கணக்கே வேறு.

ஆகவே லாரிக்கு முன்னால் புகுந்து பிரேக் போடுவது தற்கொலைக்குச் சமம். அவன் முன்னால் விட்டிருக்கும் இடைவெளி காலி இடம் போலத் தெரியும். அது காலி இல்லை, அவனுடைய பிரேக் அங்கேதான் இருக்கிறது.

முந்துவதற்கும் ஒரு கணக்கு. அம்பை சாலை மாதிரி இருவழிச் சாலை. லாரி 60-ல் போகிறது, நீங்கள் 80-ல். வேக வித்தியாசம் விநாடிக்கு ஐந்தரை மீட்டர்தான். லாரி நீளம் 15 மீட்டர், பின்னால் 20, முன்னால் 20 என்று வைத்தால் 55 மீட்டர். பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் நீங்கள் 220 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 80-ல் வருகிறவனும் 220 மீட்டர் வந்திருப்பான். முந்தத் தொடங்கும்போது 440 மீட்டர் சாலை வெறுமையாகத் தெரிய வேண்டும். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில் அப்படி எத்தனை இடம் இருக்கிறது என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டது.

வண்ணார்பேட்டை வாசகி (வியாழன், இரவு 9.05)

எல்லாம் படித்தேன். பூனை, தெருமுனைக் கல், இயற்பியல் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்கப் படிக்க எரிச்சலாக வருகிறது. சிறிய வண்டிக்காரன்தான் ஒதுங்க வேண்டும், அவன்தான் கணக்குப் போட வேண்டும், அவன்தான் செத்தாலும் தவறு செய்தவன்.

என் பெரியப்பா மகன் கங்கைகொண்டானுக்கு வடக்கே நான்குவழிச்சாலையில் பைக்கில் வந்தான். விடியற்காலை நாலரை மணி. எந்த லாரியையும் முந்தவில்லை. இடதுபக்கம் புகவும் இல்லை. சாலையின் இடது தடத்தில், விளக்கு ஒன்றுகூட இல்லாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினான். ஓட்டுநர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் ஒட்ட வேண்டிய சிவப்பு ஒளிப்பட்டை சேற்றில் மூடிக் கிடந்தது. அடியில் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பி வளைந்து உள்ளே போயிருந்தது. அது சரியாக இருந்திருந்தால் பைக் நின்றிருக்கும், அவன் உள்ளே போயிருக்க மாட்டான். ஆறு மாதம் படுக்கை. இன்னும் இடது கையால்தான் சாப்பிடுகிறான்.

நின்ற லாரி எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள், டாரஸ் அண்ணாச்சி?

பழைய டாரஸ் (வெள்ளி, காலை 5.25)

அதற்குப் பெயர் குற்றம், தாயே. வேறு பெயர் இல்லை.

ராத்திரி முழுவதும் உங்கள் பதிவுதான் மனதில் ஓடியது. தொழிலின் பாவங்களை நானே சொல்லிவிடுகிறேன். பின்விளக்கு ஒன்று எரியாமலே வாரக்கணக்கில் ஓட்டுவது. பின்னால் வருகிறவன் அதை ஒற்றை விளக்கு பைக் என்று நினைத்து ஓரமாகப் போகப் பார்ப்பான், அங்கே எட்டரை அடி அகலத் தகரம் நிற்கும். கம்பியைப் பின்னால் நீட்டி ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவது. ராத்திரியில் துணி யாருக்குத் தெரியும்? இப்போது அப்படி நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம், ஆனாலும் நிற்கவில்லை. வண்டி பழுதானால் கல்லும் மரக்கிளையும் வைப்போம், சரி. கிளம்பும்போது கிளையை எடுப்பான், கல்லை விட்டுவிடுவான். அந்தக் கல்லில் ஏறி விழுகிறவனுக்கு எந்த லாரி என்றே தெரியாது.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை, நியாயம் சொல்ல இல்லை. 1961-ல் போட்டு 2025 நவம்பர் வரை இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. ஐந்து பேராவது வேலை பார்த்த இடத்துக்குத்தான் அது. ஒரு லாரி, ஒரு முதலாளி, ஒரு ஓட்டுநர் என்றால் சட்டம் எங்கே நுழையும்? திருநெல்வேலியில் இறக்கினால் ரிட்டர்ன் லோடுக்கு இரண்டு நாள் வெயிலில் காத்திருப்போம். லோடு கிடைத்த நிமிடத்திலிருந்து ஓட்டம். கண் சொருகும்போது கண்ட இடத்தில் நிறுத்துவோம். லாரி நிறுத்த ஒதுக்கிய இடம் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். நல்லதுதான். நான் இன்ஜின் சூட்டில் வெந்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

நின்றுபோன லாரியைப் பார்த்தால் 1033-க்கு ஒரு போன் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கான எண் அது. உங்கள் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை வாசகி (வெள்ளி, காலை 7.40)

தம்பி அவன். சொல்கிறேன், அண்ணாச்சி.

நிர்வாகி (வெள்ளி, காலை 9.00)

ஓட்டுநர்களின் மாநிலத்தையும் சாதியையும் இழுத்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். சாலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

சுத்தமல்லி (வெள்ளி, காலை 11.30)

தலைப்பில் உள்ள கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான்குவழிச்சாலையில் கயத்தாறிலிருந்து நாங்குநேரி வரை லாரிகள் வலது தடத்திலேயே போகின்றன. ஹார்ன் அடித்தாலும் நகர்வதில்லை. ஒன்றை ஒன்று முந்துகிறேன் என்று இரண்டு லாரிகள் ஐந்து நிமிடம் ஜோடி சேர்ந்து போகும். வலதுபக்கம் மீடியன். இடதுபக்கம் போகாதே என்கிறீர்கள். மேலே பறப்பதா?

பழைய டாரஸ் (வெள்ளி, பிற்பகல் 12.10)

லாரிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-ல் பூட்டியிருக்கும். 78-ல் போகிறவனை 80-ல் போகிறவன் முந்தினால் அது திருவாரூர்த் தேர்தான். முந்தவே கூடாது, முந்துகிறோம். வலது தடத்தில் ஏன் போகிறோம் என்றால், இடது தடத்தில் எதிர்த்திசையில் வருகிற பைக், புல்லுக்கட்டு, ஆடு, திடீரென்று நிற்கும் மினி பஸ் எல்லாம் உண்டு. காரணம்தான் சொல்கிறேன், நியாயம் இல்லை.

இடதுபக்கம் போகாமல் முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் பின்னால் தள்ளி நில்லுங்கள், அவனுடைய கண்ணாடியில் அவன் முகம் உங்களுக்குத் தெரிகிற இடத்தில். உங்களுக்கு அவன் முகம் தெரிந்தால் அவனுக்கு உங்கள் வண்டி தெரியும். ஹார்ன், விளக்கை இரண்டு முறை மின்னவிடுதல். அவன் நேராகத்தான் போகிறானா, முன்னால் இடதுபக்கப் பிரிவு ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். பிரிவு இருந்தால், ஊர் இருந்தால், பெட்ரோல் பங்க் இருந்தால் கிட்டப் போகாதீர்கள். சாலை ஒரே நீட்டாக இருந்தால் மட்டும் போங்கள், போனால் பக்கத்தில் தங்காதீர்கள். பாதியில் யோசிக்கிறவன்தான் மாட்டுகிறான். ஸ்கூட்டருக்கு இதுவும் வேண்டாம், பின்னாலேயே வாருங்கள். பத்து நிமிடம் தாமதமாகப் போனால் சோறு ஆறாது.

வள்ளியூர்க் காற்று (வெள்ளி, மாலை 6.20)

ஆனி பிறந்துவிட்டது. தெற்கே வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்; மேலே யாரும் தொடவில்லை.

பணகுடி தாண்டி காவல்கிணறு நெருங்கும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து மேல்காற்று நேராக வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? பைக்கில் தெற்கே போகிறவனுக்குக் காற்று வலதுபக்கம் அடிக்கும். விழாமல் இருக்க அவன் தன்னை அறியாமலே வலதுபக்கம் சாய்ந்து ஓட்டுவான். அப்போது ஒரு லாரி அவனை முந்துகிறது. லாரி வருவதும் வலதுபக்கம். ஒரு நொடியில் காற்று அறுந்துவிடும். சாய்ந்தவன் சாய்ந்தபடியே லாரியை நோக்கிப் போவான். யாரோ இழுப்பது போல இருக்கும். யாரும் இழுக்கவில்லை, முட்டுக்கொடுத்திருந்த காற்றை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். லாரி கடந்ததும் காற்று மறுபடியும் வந்து அறையும்.

வடக்கே போகும்போது வேறு கூத்து. காற்று இடதுபக்கம். லாரியை வலதுபக்கம் முந்தும்போது லாரியே சுவராக நின்று காற்றை மறைக்கும். சுகமாக இருக்கும், வேகத்தைக் கூட்டுவீர்கள். லாரியின் மூக்கைத் தாண்டின நொடியில் மொத்தக் காற்றும் வந்து மீடியனை நோக்கித் தள்ளும்.

கண்ணாடியில் லாரி வருவது தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள், கைப்பிடியை இறுக்காமல் பிடியுங்கள், அது போகட்டும். வைக்கோல் ஏற்றிய லாரி, காலி கண்டெய்னர் இரண்டும் காற்றில் தானே ஆடும். அவற்றின் பக்கத்தில் போகவே வேண்டாம்.

காற்றாலை இறக்கை ஏற்றிய வண்டியைப் பார்த்திருப்பீர்கள். 50 மீட்டருக்கு மேல் நீளம். திருப்பத்தில் அதன் பின்முனை எதிர்ப்பக்கமாக வீசும். தலை இடதுபக்கம் திரும்பினால் வால் வலதுபக்கம் வரும், சாலையைத் தாண்டியும் வரும். கொடி பிடித்தவன் நில் என்றால் நின்றுவிடுங்கள். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு கார்க்காரர் அவனோடு சண்டை போட்டதைப் பார்த்தேன்.

செங்கோட்டைச் சாரல் (வெள்ளி, இரவு 10.15)

எங்கள் பக்கம் மலை. புளியரையிலிருந்து கோட்டைவாசல் வரை ஏற்றம், அந்த எஸ் வளைவை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. 2024 பிப்ரவரியில் கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி அங்கிருந்து உருண்டு கீழே தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். நள்ளிரவு. பக்கத்தில் குடியிருந்த ஒரு வயதான தம்பதி சத்தம் கேட்டு ஓடி, தண்டவாளத்தில் டார்ச் விளக்கைக் காட்டி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் 5 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போகும். அதற்கு முன்பே ஒரு கருகல் வாசனை வரும். உங்களுக்குப் பின்னால் இறங்குகிற லாரியிலிருந்து அந்த வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி அதை முன்னால் விட்டுவிடுங்கள். ஏறுகிற லாரிக்குப் பின்னால் ஒட்டி நிற்காதீர்கள். கியர் மாற்றும்போது பின்னால் வரும். முன்பு கிளீனர் கட்டையோடு குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பார். டாரஸ் அண்ணாச்சி சொன்ன அதே கிளீனர்தான். அவர் இல்லாமல் போனதால் கட்டையும் போய்விட்டது. கொண்டை வளைவில் லாரி முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்பும். கீழேயே நின்று அது வந்து முடியட்டும் என்று விடுங்கள்.

பேட்டைக்காரன் (சனி, காலை 7.15)

டாரஸ் அண்ணாச்சி, எல்லாம் படித்துவிட்டேன். புத்தி ஒப்புக்கொள்கிறது, மனம் ஒப்பவில்லை. அத்தனை பெரிய ஸ்கூட்டர், அதில் இரண்டு பேர். எப்படித் தெரியாமல் போகும்?

பழைய டாரஸ் (சனி, காலை 7.22)

தாழையூத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஷெட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டிரெய்லர் ஒன்று சும்மா நிற்கும். மகளையும் ஸ்கூட்டரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தனிச்செய்தியில் விலாசம் அனுப்புகிறேன்.

பேட்டைக்காரன் (ஞாயிறு, பிற்பகல் 3.40)

போய்விட்டு வந்தோம்.

ஓட்டுநர் இருக்கையில் ஏறவே எனக்கு மூன்று முயற்சி. உட்கார்ந்ததும் முதலில் தோன்றியது, அட, எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பதுதான். ஷெட்டுக்கு வெளியே, தூரத்து வேப்பமரம் வரை தெரிந்தது. மகள் மஞ்சள் துப்பட்டா போட்டிருந்தாள். ஸ்கூட்டரை இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதில் உட்காரச் சொன்னார் அண்ணாச்சி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷெட்டின் எதிர்ச்சுவர் தெரிந்தது. எம்பிப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தேன். "அங்கேதான் இருக்கிறாயா?" என்று கத்தினேன். "இங்கேதான் அப்பா, கையை ஆட்டுகிறேன்" என்றாள். கை தெரியவில்லை.

பிறகு அவளைப் பம்பருக்கு முன்னால் நிற்கச் சொன்னார். எழுந்து நின்று எட்டிப் பார்த்தால்தான் உச்சந்தலை தெரிந்தது. ஓர் எட்டு, இரண்டு எட்டு என்று பின்னால் போனாள். நான்காவது எட்டில்தான் முகம் தெரிந்தது. முன்பக்கம் கீழே பார்ப்பதற்கென்று ஒரு குண்டுக் கண்ணாடி இருந்தது, விரிசல் விட்டுத் தூசி படிந்து. அண்ணாச்சி அதைத் தன் துண்டால் துடைத்தார். ஷெட்காரரிடம் ஏதோ சொன்னார், நல்ல வார்த்தை இல்லை.

அதன்பின் மகள் ஏறி உட்கார்ந்தாள், நான் கீழே நின்றேன். சாக்கட்டி வாங்கிக்கொண்டு தரையில் கோடு போட்டோம். அவள் மேலிருந்து "தெரியவில்லை, தெரியவில்லை, தெரிகிறது" என்று சொல்லச் சொல்ல நான் குறி வைத்தேன். இடதுபக்கம் மட்டும் அந்தக் கோட்டுக்குள் எங்கள் ஸ்கூட்டர் மாதிரி ஐந்து நிறுத்தலாம். வலதுபக்கம் ஒன்றுகூட முழுதாக மறையவில்லை. மகள் அதைப் படம் வரைந்து வைத்திருக்கிறாள், பள்ளியில் காட்டப் போகிறாளாம். 12பி சார், உங்கள் பள்ளிதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பையனைத் திட்டியது நெஞ்சில் உறுத்துகிறது. எந்த வண்டி, எந்த ஊர் என்று ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. வண்டியின் பின்னால் "அம்மா ஆசி" என்று எழுதியிருந்தது நினைவிருக்கிறது, அது எந்த லாரியில்தான் இல்லை?

தட்டையான தூக்குவாளியை அண்ணாச்சியிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை.

வண்ணார்பேட்டை வாசகி (ஞாயிறு, மாலை 4.25)

அந்தப் படத்தை இங்கே போடச் சொல்லுங்கள். என் தம்பியிடம் காட்ட வேண்டும்.

ஆனால் ஒன்று. விரிசல் விட்ட அந்தக் கண்ணாடியை மாற்ற என்ன செலவாகும்? சில நூறு ரூபாய். வண்டியின் விலை எத்தனை லட்சம்? நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

பழைய டாரஸ் (ஞாயிறு, மாலை 5.00)

மாற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். புதன்கிழமை போய்ப் பார்ப்பேன். மாற்றியிருக்காவிட்டால் அதை நான் வாங்கிப் போடுவேன், பணத்தை அவனிடம் பிறகு வாங்கிக்கொள்வேன்.

சுத்தமல்லி (ஞாயிறு, இரவு 8.50)

நல்ல இழை. வியாழக்கிழமை பைக்கில் கன்னியாகுமரி போகலாம் என்று இருக்கிறேன், மனைவியோடு. வள்ளியூர்க்காரரே, காற்று எப்படி இருக்கிறது?

வள்ளியூர்க் காற்று (ஞாயிறு, இரவு 9.10)

இன்று மத்தியானம் கொடியில் காய்ந்த வேட்டியைப் பக்கத்துத் தெருவில் போய் எடுத்து வந்தேன். பஸ்ஸில் வாருங்கள்.